வேலைக்கு வந்தவர்களை மைதானத்துக்கு வரவைப்பது எப்படி? கேள்வி பதில்

சேலத்தில் வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஏற்பாடு செய்பவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். வெளிநாடு போன நம் ஆட்களைப் பற்றியும் சிலர் கேட்டிருப்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

கொண்டலாம்பட்டியிலிருந்து: எங்கள் பட்டறையில் ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள் நிறைய. கிரிக்கெட் டீமுக்குக் கூப்பிட்டோம், ஒரு வாரம் வந்தார்கள், அப்புறம் ஆளையே காணோம். விளையாட்டில் ஆர்வமே இல்லையா அண்ணா?

எந்த மாவட்டம் என்று கேட்டீர்களா தம்பி? ஒடிசாவில் சுந்தர்கர், ஜார்க்கண்டில் சிம்டேகா என்றால் அது ஹாக்கி மண். இந்திய அணியின் கேப்டனாக இருந்த திலீப் திர்க்கி சுந்தர்கர்காரர், 1975 உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடிய மைக்கேல் கிண்டோ சிம்டேகா பக்கத்துக்காரர். அங்கே கிராமத்துப் போட்டிகளில் பரிசே ஆட்டுக்கிடாதான், 'கஸ்ஸி டோர்னமென்ட்' என்றே சொல்வார்கள். ஜெயித்த அணி கிடாவை ஓட்டிக்கொண்டு போகும், ஊரே கூடிக் கறி சாப்பிடும். மூங்கிலையோ மரக்கிளையையோ வளைத்து மட்டை செய்து ஆடி வளர்ந்தவனைக் கொண்டுவந்து பவுண்டரியில் பந்து பொறுக்க நிறுத்தினால் அடுத்த வாரம் ஏன் வருவான்? உங்கள் ஊரில் என்ன ஆடுவீர்கள் என்று முதலில் கேளுங்கள். ஹாக்கிக்கு மட்டை கிடைக்காவிட்டால் ஃபுட்பால் போதும், அதுவும் அவர்களுக்குத் தெரிந்த ஆட்டம்தான். பரிசுக்குக் கேடயம் வாங்கும் காசில் ஒரு கிடா வாங்கிவிடுங்கள். ஆடி மாதம் முழுக்கக் கிடா வெட்டும் நம் ஊரில் அதை யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை.

அதே நண்பர்: கபடி வைக்கலாமா?

வைக்கலாம், ஷூ செலவு கிடையாது, அவர்களுக்கும் ஓரளவு பழக்கம்தான். ஆனால் உள்ளூர்ப் பையன்களோடு முதல் ஆட்டமே கபடி வேண்டாம். ஆளை ஆள் தெரியாத நேரத்தில் ஒரு பிடி கொஞ்சம் இறுகினால் கைகலப்பாகிவிடும். நாலு வாரம் ஃபுட்பால் ஆடிப் பழகட்டும்.

ஏற்காட்டிலிருந்து: எங்கள் எஸ்டேட்டில் ஜார்க்கண்ட் குடும்பங்கள் தங்கி வேலை செய்கின்றன. ஆண்கள் வாலிபால் ஆடுகிறார்கள், பெண்கள் வருவதில்லை. அவர்கள் கலாசாரம் அப்படி என்கிறார் சூப்பர்வைசர். உண்மையா?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. 2024ல் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணிக்குக் கேப்டனான சலீமா டேடே அதே சிம்டேகா, ரியோ ஒலிம்பிக்கில் ஆடிய நிக்கி பிரதான் பக்கத்துக் குந்தி மாவட்டம். பெண்கள் மட்டை பிடிப்பது அந்த ஊர்களில் அதிசயமே இல்லை. உங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் அந்தப் பெண்கள் மாலை நாலு மணிக்கு என்ன செய்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். தண்ணீர் பிடிக்க வேண்டும், விறகு வேண்டும், குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. தண்ணீருக்கு ஒரு வழி செய்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டியை உட்கார வைத்துவிட்டு அப்புறம் கலாசாரத்தைப் பற்றிப் பேசலாம். காப்பிப் பழம் பறிக்கும் சீசனில் ஆரம்பிக்காதீர்கள், யாருக்கும் தெம்பு இருக்காது.

சூரமங்கலத்திலிருந்து: ரம்ஜான் மாதத்தில் வங்காளப் பையன்களை என்ன செய்வது?

நோன்பு திறந்த பிறகு லைட் போட்டு ஆடுங்கள், இல்லையா, அந்த மாதம் விட்டுவிடுங்கள். பெருநாள் முடிந்த ஞாயிறு அவர்களே வந்து கதவைத் தட்டுவார்கள்.

அம்மாபேட்டையிலிருந்து ஒரு அம்மா: மகன் மெல்போர்னில் இருக்கிறான். பன்னிரண்டு வயதுப் பேத்தி ஃபுட்பால் ஆட ஆசைப்படுகிறாள், அரைக்கால் டிரவுசர் என்று மருமகள் தயங்குகிறாள்.

அது சின்ன விஷயம்மா. டிரவுசருக்கு உள்ளே கால் முழுக்க மூடும் லெக்கிங்ஸ் போட்டுக்கொள்ளலாமா என்று கிளப்பில் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். தலையை மூடிக்கொண்டு ஆடவே 2014ல் ஃபிஃபா அனுமதி கொடுத்துவிட்டது. எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு இரண்டு. ஒன்று, அங்கே மேட்ச் முடிந்து கிளப்பில் பீரும் சாசேஜுமாகப் பெரியவர்கள் பேசிக்கொண்டு நிற்பார்கள், நம் ஆட்கள் காரிலேயே உட்கார்ந்துவிட்டு அப்படியே கிளம்பிவிடுவார்கள், யாரோடும் ஒட்டு இருக்காது. மருமகள் ஒருநாள் தட்டு நிறைய வடை சுட்டு எடுத்துப் போகட்டும், அப்புறம் பாருங்கள். இன்னொன்று, பத்தாம் வகுப்பு வந்தால் மட்டையைப் பரணில் போடும் நம் பழக்கம், அது விமானம் ஏறியும் கூடவே போகிறது. டியூஷனுக்காகப் பேத்தியை நிறுத்திவிடாமல் நீங்கள்தான் மகனிடம் சொல்ல வேண்டும்.

ஓமலூரிலிருந்து: அவரவர் ஆளோடு தனி டீம் போட்டால் ஒட்டவே மாட்டார்களே?

பாதி சரி. மெல்போர்னில் கிரேக்கர்கள் 1959ல் சவுத் மெல்போர்ன் ஹெல்லாஸ் என்று கிளப் தொடங்கினார்கள். ஐந்து வயதில் கிரீஸிலிருந்து வந்த ஆஞ்ச் போஸ்டெகோக்ளு அங்கேதான் ஆடி வளர்ந்தார், பின்னாளில் ஆஸ்திரேலிய அணிக்குப் பயிற்சியாளராகி 2015 ஆசியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அதே நாட்டில் செர்பியர், குரோஷியர் கிளப்புகளுக்குள் கலாட்டாவும் நடந்தது, கிளப் பெயர்களில் உள்ள இன அடையாளத்தை நீக்கச் சொல்லி ஃபுட்பால் நிர்வாகம் நெருக்கியது. என் கணக்கில் முதல் வருடம் தனி டீம் இருக்கட்டும், அடுத்த வருடம் சீட்டுக் குலுக்கிக் கலந்து போடுங்கள்.

தாரமங்கலத்திலிருந்து: சரி, யாரிடம் பேச ஆரம்பிப்பது?

மேஸ்திரியிடம். அவர் தலையாட்டாமல் ஒருத்தனும் வரமாட்டான். ஞாயிறு காலை துணி துவைப்பு, சந்தை, கறிச் சமையல், வீட்டுக்கு வீடியோ கால் என்று போய்விடும், நாலு மணிக்கு மேல் வையுங்கள். சனிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் இந்தியில் ஒரு வாய்ஸ் அனுப்புங்கள். தமிழில் நோட்டீஸ் ஒட்டினால் நாமேதான் படித்துக்கொள்ள வேண்டும்.