புதிய சட்டம் ஒன்றை நாமே எழுதி முன்மொழிய முடியுமா? எப்படி?

முடியும். எழுத வக்கீல் பட்டம் தேவையில்லை. அதை அவையில் வைக்க வழி தேடுவதுதான் தனிக் கதை.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, வாடகை முன்பணத்தைத் திருப்பித் தருவது பற்றி ஒரு வரைவு எழுதினோம். பதினோரு பக்கம். அதில் உயிர்நாடி என்று நாங்கள் நினைத்த வரி இது: "வீட்டைக் காலி செய்தபின் நியாயமான காலத்துக்குள் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்." சட்ட வரைவுப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் காட்டினோம். அந்த வரியின் ஓரத்தில் அவர் கேள்விகளாக எழுதித் தள்ளினார். நியாயமான காலம் என்றால் எத்தனை நாள்? காலி செய்த நாள் என்பது சாமான் ஏற்றிய நாளா, சாவி கொடுத்த நாளா? யார் தர வேண்டும்? தராவிட்டால் யாரிடம் போவது? "ஒழுங்காகக் கொடுக்கிறவருக்கு உங்கள் சட்டமே வேண்டாம் தம்பி. இழுத்தடிக்கிறவர் இதை எப்படிப் படிப்பார் என்று பாருங்கள்" என்றார்.

அதற்கப்புறம் அந்த வரி இப்படி ஆனது: "சாவி ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் உரிமையாளர் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும், தவறினால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் வட்டி சேர்த்துத் தர வேண்டும்." அழகில்லைதான், ஆனால் நழுவ இடமில்லை. ஓரிடத்தில் 'தரலாம்' என்று மரியாதையாக எழுதியிருந்தோம். அந்த ஒரு சொல் போதும், மொத்தச் சட்டமும் வெறும் வேண்டுகோளாகிவிடும்.

வரையறைப் பகுதிக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். 'பூங்காவுக்குள் வாகனங்கள் நுழையக் கூடாது' என்ற விதியை வைத்து 1958-இல் சட்டத் தத்துவ அறிஞர் ஹார்ட் எழுப்பிய கேள்வி இன்றும் வகுப்புகளில் ஓடுகிறது: கார் சரி, சைக்கிளும் பொம்மைக் காரும் வாகனமா? பட்டியல் போட்டாலும் சிக்கல் வரும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மிகைநேர ஊதியம் பெறாத வேலைகளின் பட்டியலில், கடைசி இரண்டு வேலைகளுக்கு நடுவே ஒரு காற்புள்ளி இல்லாமல் இருந்தது. அதனால் 'விநியோகம்' தனி வேலையா, 'விநியோகத்துக்காகப் பொதி கட்டுதல்' என்பதன் பகுதியா என்று தெரியவில்லை. பால் நிறுவனமொன்றின் லாரி ஓட்டுநர்கள் வழக்குப் போட்டார்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். எழுத உட்காரும் முன், இருக்கும் சட்டத்தைப் படித்துவிடுங்கள். பல நேரம் புதுச் சட்டமே வேண்டியிருக்காது, ஒரு பிரிவில் திருத்தம் போதும். திருத்தத்துக்கு ஆதரவு திரட்டுவதும் எளிது. அந்த விஷயத்தில் சட்டம் இயற்றும் அதிகாரம் எந்த அவைக்கு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தவறான கதவைத் தட்டினால் பதிலே வராது.

சரி, முன்மொழிவது? சில நாடுகளில் மக்களே நேராகக் கொண்டுபோகலாம். பின்லாந்தில் ஆறு மாதத்துக்குள் 50,000 பேர் ஆதரவு சேர்ந்தால் குடிமக்கள் முன்மொழிவை நாடாளுமன்றம் பரிசீலிக்க வேண்டும். அங்கே ஒருபாலினத் திருமணச் சட்டம் அப்படித்தான் வந்தது. 2014-இல் நிறைவேறி 2017-இல் நடைமுறைக்கு வந்தது. அந்த வழி இல்லாத இடத்தில், உங்கள் வரைவைத் தன் பெயரில் கொண்டுவர ஓர் உறுப்பினர் வேண்டும். தனிநபர் மசோதா என்பது அதுதான். பிரிட்டனில் கொலைக்குத் தூக்குத் தண்டனை தருவதை நிறுத்திய 1965 சட்டம் இந்த வழியில் வந்தது. இந்திய நாடாளுமன்றத்திலோ இதுவரை இப்படிச் சட்டமானவை 14 மட்டுமே, கடைசியாக 1970-இல். ஆனாலும் தோற்கும் மசோதா வீண் என்று நான் நினைக்கவில்லை. அவையில் ஒருமுறை பேசப்பட்ட விஷயத்தை அரசே பின்னால் தன் மசோதாவாகக் கொண்டுவருவதும் உண்டு.

உறுப்பினரைப் பார்க்கப் போகும்போது முழு வரைவை நீட்டாதீர்கள். பிரச்சினை என்ன, எந்தப் பிரிவு அதை எப்படிச் சரிசெய்கிறது என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். எங்கள் பதினோரு பக்கம் கடைசியில் மூன்றாகச் சுருங்கியது. அதைக் கையில் வாங்கிய உறுப்பினர் முதலில் கேட்டது வரையறையைப் பற்றியும் இல்லை, வட்டியைப் பற்றியும் இல்லை. "புகாரை விசாரிக்க ஆள் போட வேண்டுமே, அதற்கு எவ்வளவு செலவாகும்?" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நீங்கள் அந்தக் கணக்கையும் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.