பலகாரக் கடையில் மிஞ்சும் எண்ணெய்: எத்தனை முறை காய்ச்சலாம், பிறகு எங்கே போக வேண்டும்?

திண்டுக்கல் மாவட்டத்தில் பேருந்து நிலையத்தை ஒட்டி மாலைநேரப் பலகாரக் கடை நடத்தும் வாசகி ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: “நானும் என் கணவரும் வடை, பஜ்ஜி, போண்டா போடுகிறோம். தினமும் சட்டியில் ஆறு லிட்டர் எண்ணெய் வைப்போம். இரவு கடை மூடும்போது நான்கு லிட்டராவது மிஞ்சும். மறுநாள் அதோடு இரண்டு லிட்டர் புது எண்ணெய் சேர்த்துக்கொள்கிறோம். வாரக் கடைசியில் ஒருவர் வந்து பழைய எண்ணெயை டின்னோடு விலைக்கு வாங்கிப்போகிறார். எண்ணெயை எத்தனை முறை பயன்படுத்தலாம்? அவருக்கு விற்பது சரிதானா, அல்லது சாக்கடையில் ஊற்றிவிடுவது நல்லதா?”

ஊற்றிவிடக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே வரியில் பதில் சொல்ல இயலாது.

“எத்தனை முறை” என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் சட்டம் முறைகளை எண்ணுவதில்லை. எண்ணெய் காயும்போது அதிலுள்ள கொழுப்பு மூலக்கூறுகள் உடைந்தும் ஒன்றோடொன்று பிணைந்தும் புதிய பொருள்களாக மாறுகின்றன. இவற்றை மொத்தமாக முனைவுச் சேர்மங்கள் என்று அளவிடுகிறார்கள். இந்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் உணவு தயாரிக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வகுத்த விதி. 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரே எண்ணெய் ஒரு கடையில் இரண்டே நாளில் இந்த எல்லையைத் தொடும். கவனமாகக் கையாளும் இன்னொரு கடையில் அதைவிட நீண்ட நேரம் தாங்கும். வீடுகளுக்கு ஆணையம் சொல்லும் அறிவுரை, கூடுமானவரை ஒரே முறை, மிஞ்சிப்போனால் மூன்று முறை என்பதாகும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல் இன்னும் கண்டிப்பானது: ஒருமுறை பொரித்த எண்ணெயை வடிகட்டிக் குழம்புக்கும் தாளிப்புக்கும் ஓரிரு நாளில் பயன்படுத்தித் தீர்த்துவிட வேண்டும், மீண்டும் பொரிக்கக் கூடாது என்கிறது.

உங்கள் சட்டியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மாவிலுள்ள நீர் கொதிக்கும் எண்ணெயைத் தாக்கிக் கொழுப்பு அமிலங்களைப் பிரித்தெடுக்கிறது. அதனால்தான் நான்காம் நாள் எண்ணெய் சீக்கிரமே புகையத் தொடங்குகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் எண்ணெயோடு சேர்ந்து காறல் வாடை தரும் ஆல்டிஹைடுகளை உருவாக்குகிறது. இவை முற்றி ஒன்றோடொன்று பிணைந்து கெட்டிப்படும்போது எண்ணெய் பிசுபிசுப்பாகி, பஜ்ஜி போட்டதும் நுரை பொங்கி, அடங்காமல் நிற்கிறது. இரும்பு, செம்பு, உப்பு மூன்றும் இந்தச் சிதைவை வேகப்படுத்துகின்றன. சட்டியின் வாய் அகலமாக இருந்தால் காற்று படும் பரப்பும் அதிகமாகிறது. அடியில் தங்கிய மாவுத்துகள் கருகிக் கலப்பது போதாதென்று, கூட்டம் இல்லாத நேரத்திலும் அடுப்பு முழுத் தீயில் எரிந்துகொண்டிருக்கும்.

பழைய எண்ணெயோடு புதியதைச் சேர்ப்பதைப் பற்றி ஒரு சிறு கணக்கு. ஆறு லிட்டரில் நான்கு லிட்டர் பழையது, இரண்டு லிட்டர் புதியது என்று தினமும் கலந்தால், ஏழாம் நாள் உங்கள் சட்டியில் முதல்நாள் ஊற்றிய எண்ணெய் இன்னும் ஏறத்தாழ அரை லிட்டர் இருக்கும். சிதைந்த எண்ணெய் புதிய எண்ணெயின் சிதைவையும் விரைவுபடுத்தும் என்பதால், இரண்டு லிட்டரைச் சேர்த்துச் சட்டியைப் புதுப்பிப்பதாக நீங்கள் நினைப்பது உண்மையில் அந்த இரண்டு லிட்டரின் ஆயுளைக் குறைப்பதாகவே முடிகிறது. ஆகவே உங்களுக்கு நான் தரும் முதல் ஆலோசனை, சட்டியின் அளவைக் குறையுங்கள் என்பதுதான். ஆறு லிட்டருக்குப் பதிலாக மூன்று லிட்டர் கொள்ளும், வாய் குறுகிய, ஆழமான எவர்சில்வர் பாத்திரத்தில் தொடங்கி, பலகாரம் உறிஞ்சுவதற்கு ஏற்ப அன்றைய மாலைக்குள்ளேயே புது எண்ணெய் ஊற்றிவந்தால், கடை மூடும்போது மிஞ்சுவது ஒன்றரை லிட்டர் அளவுக்கு வந்துவிடும். அதை மறுநாள் முதல் ஈட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அன்றே கழித்துவிடலாம். எண்ணெய்ச் செலவு கூடும் என்று தோன்றலாம். ஆனால் கெட்டுப்போன எண்ணெயை வடை அதிகமாக உறிஞ்சும் என்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. வெப்பம் 170 முதல் 180 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கட்டும். அதற்கான வெப்பமானி விலை அதிகமில்லை. ஒவ்வொரு ஈட்டுக்குப் பிறகும் துகள்களைக் கண்கரண்டியால் அரித்தெடுங்கள். சட்டிக்கு மேலே உப்புத் தூவாதீர்கள். இரவில் சூடு தணிந்ததும் மெல்லிய துணியில் வடிகட்டி, மூடியுள்ள பாத்திரத்தில் இருட்டான இடத்தில் வையுங்கள். சூரியகாந்தி எண்ணெய் பொரிப்பதற்கு விரைவில் கெடும். கடலை எண்ணெய் அதைவிடத் தாங்கும். பாமாயிலும் தாங்கும், ஆனால் நிறைவுற்ற கொழுப்பு அதில் அதிகம். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், ஏனெனில் மஞ்சளும் மிளகாய்த்தூளும் நல்ல எண்ணெயையும் கருக்கச் செய்யும். அடங்காத நுரை, வழக்கத்துக்கு முன்பே எழும் புகை, கரண்டியிலிருந்து நூலாக இறங்கும் பிசுபிசுப்பு, காறல் வாடை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலே அந்த எண்ணெயின் கதை முடிந்தது. சூடான எண்ணெயில் தோய்த்து முனைவுச் சேர்ம அளவைக் காட்டும் கைக்கருவி உணவுப் பாதுகாப்பு அலுவலர்களிடம் உண்டு. அவர்கள் சோதனைக்கு வரும்போது அஞ்சாமல் உங்கள் எண்ணெயை அளந்து காட்டும்படி கேளுங்கள். மூன்றாம் நாள் மாலை அது எந்த எண்ணில் நிற்கிறது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால், உங்கள் கடைக்கான கணக்கு உங்கள் கைக்கு வந்துவிடும்.

பலமுறை காய்ச்சிய எண்ணெயைத் தொடர்ந்து கொடுத்த எலிகளில் இரத்த அழுத்தமும் இரத்தக்குழாய் அழற்சியும் கூடுவதைச் சோதனைகள் காட்டியுள்ளன. உண்பவரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். சட்டியின் முன் மணிக்கணக்கில் நிற்பவரை மறந்துவிடுகிறோம். உயர்வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் புகையைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற பிரிவில் வைத்திருக்கிறது. பழைய எண்ணெய் முன்னதாகவே புகைவதால், அதைத் தூக்கிப்போடுவது முதலில் உங்கள் இருவருக்கும்தான் நன்மை.

இனி அந்த டின்னைப் பற்றி. சாக்கடையில் ஊற்றினால் எண்ணெய் குளிர்ந்து, சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சோப்புப்போல் கெட்டியாகிக் குழாயை அடைக்கும். 2017-இல் லண்டனின் வைட்சாப்பல் பகுதியில் நிலத்தடிச் சாக்கடையில் இப்படி உருவான கொழுப்புப் பாறை 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்டிருந்தது. திறந்த ஓடை வழியாகக் குளத்துக்குப் போனால் நீரின் மேல் படலமாகப் படிந்து காற்று கரைவதைத் தடுக்கும்.

டின் வாங்குபவரிடம் கொடுப்பது இதைவிட நல்லது போலத் தோன்றும். அவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும். கழித்த எண்ணெயை மண்ணிட்டு வெளுத்து, வாடையைப் போக்கி, மலிவு எண்ணெயோடு கலந்து மீண்டும் உணவுச் சந்தைக்கே திருப்பி விடுவது சீனாவிலும் தைவானிலும் பெரிய அளவில் பிடிபட்ட மோசடி. இதைத் தடுக்கவே 2018 ஆகஸ்டில் ஆணையம் ‘ரூகோ’ என்ற திட்டத்தைத் தொடங்கியது: கடைகளில் கழிக்கும் எண்ணெயை அங்கீகாரம் பெற்ற முகவர்கள் சேகரித்து உயிரி டீசல் ஆலைகளுக்கு அனுப்ப வேண்டும். மெத்தனால் சேர்த்து மாற்றினால் அந்த எண்ணெய் வண்டி ஓட்டும் எரிபொருளாகிறது. 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் உயிரி டீசல் கலக்க வேண்டும் என்ற இலக்கை அதே ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை வைத்திருக்கிறது. சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டில், காடழித்து வளர்த்த எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலிருந்தும் கப்பலேறி வரும் எண்ணெயின் ஒரு பகுதியாவது இரண்டாவது வேலைக்குப் பயன்படுவது சிறிய விஷயமன்று.

இத்திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாக நான் கருதுகிறேன். நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கப் பயன்படுத்தும் நிறுவனங்கள் மட்டுமே எண்ணெய்க் கணக்கைப் பதிவேட்டில் எழுதி, அங்கீகரிக்கப்பட்டவரிடமே ஒப்படைக்கக் கட்டாயப்படுத்தப்பட்டுள்ளன. 2019 மார்ச் முதல் இது நடைமுறை. உங்களைப் போன்ற கடைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பத்து லிட்டருக்காக முகவரின் வண்டி உங்கள் தெருவுக்கு வருவதும் இல்லை. அந்த இடைவெளியில்தான் பெயர் சொல்லாத வாங்குபவர் வந்து நிற்கிறார். நகரின் பொரித்த உணவில் பெரும்பங்கு சிறு கடைகளிலிருந்தே வருகிறது என்பதை நினைத்தால், இந்த விதி கீழிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

அரசு விதியை மாற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் வரிசையில் உள்ள பத்துக் கடைகள் வாரம் பத்து லிட்டர் வீதம் ஒரே பீப்பாயில் சேர்த்தால் நூறு லிட்டர் ஆகும். அதற்கு முகவர் வருவார். பீப்பாய் வைக்க இடமும், பொறுப்பேற்க ஆளும் வேண்டும். 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி அமைந்த நகர விற்பனைக் குழுவில் இதை வைக்கலாம். உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் அங்கீகாரம் பெற்ற முகவர்களின் பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இப்போது டின் வாங்கிப்போகிறவரையும் ஒதுக்கிவிட வேண்டாம். அடுத்த முறை வரும்போது அங்கீகாரச் சான்றைக் காட்டும்படியும், எடுத்துப்போகும் அளவுக்கு ரசீது தரும்படியும், எண்ணெய் எந்த ஆலைக்குப் போகிறது என்று எழுதித் தரும்படியும் கேளுங்கள். மூன்றையும் தருபவராக இருந்தால், பக்கத்துக் கடைகளையும் அவரிடம் சேர்த்துவிடுங்கள். தயங்கினால், அவர் கூடுதல் விலை சொன்னாலும் கொடுக்காதீர்கள். உயிரி டீசலுக்கு வாங்குபவரைவிட அதிக விலை தர முடிகிறவர் அந்த எண்ணெயை எங்கே விற்கிறார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். முகவர் கிடைக்கும்வரை, மூடியுள்ள கேனில் “கழித்த எண்ணெய் – உணவுக்கு அன்று” என்று பெரிதாக எழுதி ஒட்டி, அதில் சிறிது மண்ணெண்ணெயையோ சாயத்தையோ கலந்து, சமையலறைக்கு வெளியே வையுங்கள். கலந்திருப்பதை ஒப்படைக்கும்போது முகவரிடம் சொல்லிவிடுங்கள்.