உப்பாத மாவும் கறுத்த கத்தியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1815 லண்டனில் நடக்கும் மர்ம நாவல் ஒன்று எழுதுகிறேன். எலைசா ஃபென்னிங் வழக்குதான் அடிப்படை: சமையல்காரி வீட்டாருக்கு விஷம் வைத்ததாகப் பழி. அவள் வக்கீல் ஜூரியிடம் ஆவேசமாகப் பேசுவதும், ரசாயன நிபுணர் சோதனைக் குழாயில் விஷத்தைக் காட்டுவதும் உச்சக்காட்சி. எங்காவது சறுக்குகிறதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு இடத்திலும் சறுக்குகிறது. அன்று இத்தகைய வழக்குகளில் வக்கீல் குறுக்கு விசாரணை செய்யலாம், அவ்வளவுதான். ஜூரியைப் பார்த்து வாதாடும் உரிமை 1836-ல் வந்தது. பாஷாணத்தை (ஆர்சனிக்கை) குழாயில் கண்டறியும் மார்ஷ் சோதனையும் அதே ஆண்டுதான். உங்கள் நிபுணர் பொடியைத் தணலில் தூவி, பூண்டு வாடை வருகிறதா என்று முகரலாம். காட்சிக்கு அதுவே மேல்.

எலைசாவைத் தூக்குமேடைக்கு அனுப்பியது சமையலறைச் சாட்சியம். 1815 மார்ச் 21, சான்சரி லேனில் டர்னர் வீடு. யீஸ்ட் டம்ப்ளிங் (புளித்த மாவு உருண்டை) சாப்பிட்ட டர்னர் குடும்பத்தார் மூவரும் வாந்தியெடுத்துச் சுருண்டார்கள். அதைத் தின்ற எலைசாவும்தான். இதை ஏனோ யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மருத்துவர் ஜான் மார்ஷல் மாவு பிசைந்த பாத்திரத்தில் வெந்நீர் விட்டுக் கலக்கித் தெளியவைத்தார். அடியில் அரைத் தேக்கரண்டி வெள்ளைப் பொடி. பாஷாணம் என்றார். கணக்கு இடிக்கிறது பாருங்கள். ஆளைக் கொல்ல 200 மில்லிகிராம் அளவே போதும். அரைத் தேக்கரண்டி என்றால் சில கிராம். வழித்தெடுத்த பாத்திரத்தில் ஒட்டியதே அவ்வளவு என்றால் உருண்டைகளில் எவ்வளவு இருந்திருக்கும்? ஒருவரும் சாகவில்லையே.

டம்ப்ளிங்கை வெட்டிய கத்தி கறுத்ததும் பாஷாணத்தால்தான் என்றார். தவறு. வெள்ளைப் பாஷாணம் அப்படிக் கத்தியைக் கறுக்கவைக்காது. அன்றைய எஃகு வினிகர் பட்டாலே கறுக்கும். மாவு உப்பவில்லை என்பதையும் விஷத்தின் அடையாளமாக்கினார்கள். யீஸ்ட் வீரியம் இழந்திருந்தாலும், அறை குளிர்ந்திருந்தாலும் மாவு கல்லாகத்தான் கிடக்கும்.

எலி, சுண்டெலிக்காக வாங்கிய பாஷாணம் அலுவலக அறை இழுப்பறையில், பெயரெழுதிய பொட்டலமாக, பூட்டில்லாமல் கிடந்தது. அடுப்பு மூட்டக் காகிதம் எடுக்க எலைசா அதைத் திறப்பாள்; வீட்டில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். பொட்டலம் காணாமல் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. எலைசா விஷம் வைக்கக் காரணமாகச் சொல்லப்பட்டது, பயிற்சிப் பையன்களின் அறைக்கு அரைகுறை உடையில் போனதற்காக எஜமானி திட்டியது. ஏப்ரலில் தீர்ப்பு, ஜூலை 26-ல் தூக்கு. யாரும் சாகாத வழக்கில் எப்படி என்று வாசகர் கேட்பார்: கொல்லும் நோக்கில் விஷம் கொடுத்தாலே மரணதண்டனை என்பது 1803-ன் சட்டம். ஓரிடத்தில் இதைச் சொல்லிவிடுங்கள்.

கடைக்காரரின் விஷப் பதிவேட்டைத் துப்பறிவாளர் புரட்டும் காட்சி ஏதும் இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்தப் பதிவேடும், பாஷாணத்தில் கரியோ அவுரியோ கலந்து நிறமேற்றி விற்கும் கட்டாயமும் 1851 சட்டத்தோடு வந்தவை. உங்கள் கதையில் அது மாவு நிறத்திலேயே இருக்கட்டும்.