உன் உடம்பைப் பற்றி உனக்குத் தெரிய வேண்டும்: ஹார்மோன் மருத்துவர் பதில்கள்

பாலின வளர்ச்சி வேறுபாடுகளோடு (குரோமோசோம், ஹார்மோன் அல்லது இனப்பெருக்க உறுப்புகள் வழக்கத்திலிருந்து மாறி அமைவது) பிறந்த பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்டவை இவை.

எனக்கு 16 வயது. பீரியட்ஸ் வரவே இல்லை. ஸ்கேனில் கருப்பை இல்லையாம். ரிப்போர்ட்டில் '46, எக்ஸ்.ஒய்' என்று போட்டிருந்தது. அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். நான் பையனா?

உன்னைப் பெண்ணாக உணர்கிறாய் என்றால் நீ பெண்தான். எக்ஸ்.ஒய் என்பது பொதுவாக ஆண்களிடம் காணப்படும் குரோமோசோம் அமைப்பு. ஆனால் ரிப்போர்ட்டில் இருக்கும் இரண்டு எழுத்து அதை மாற்றாது.

நீ சொல்வதைப் பார்த்தால், உடம்பு ஆண்ட்ரோஜன் எனும் ஆண்தன்மை ஹார்மோனை ஏற்காத நிலையாக இருக்கலாம். உன் டாக்டர்தான் அதை உறுதிப்படுத்த வேண்டும். இந்த நிலையில், ஒய் குரோமோசோமால் வயிற்றுக்குள் விந்தகங்கள் உருவாகின்றன. அவை சுரக்கும் ஒரு ஹார்மோன், கருப்பை உருவாகாமல் தடுக்கிறது. ஆண்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த டெஸ்டோஸ்டிரோனும் சுரக்கிறது. ஆனால் கடிதம் வந்துகொண்டே இருந்தும் வாங்கிப் படிக்க ஆள் இல்லாததுபோல, செல்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. அதனால் வெளித்தோற்றம் பெண்ணாகவே வளர்கிறது. அந்த டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால்தான் மார்பகமும் வளர்கிறது.

விந்தகங்களை உடனே எடுக்க வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால், ஏன் என்று கேள். ஹார்மோனை முழுமையாக ஏற்காத நிலையில், பருவ வயது முடிவதற்குள் அதில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. அதனால் பல டாக்டர்கள் காத்திருந்து, உன்னையும் வைத்துக்கொண்டுதான் முடிவெடுப்பார்கள். எடுத்துவிட்டால் எலும்பு பலவீனமாகாமல் இருக்க ஈஸ்ட்ரோஜன் மருந்து தேவைப்படும்.

உன்னை வெளியே உட்காரவைத்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அடுத்த முறை, 'என்னிடமும் சொல்லுங்கள்' என்று கேள். கேட்க வாய் வராவிட்டால் தாளில் எழுதிக் கொடு.

சி.ஏ.எச். (அட்ரினல் சுரப்பியின் பிறவிக் குறைபாடு) இருக்கிறது, வயது 14. மாத்திரையால் குண்டாகிறேனோ என்று பயம். நிறுத்திவிடட்டுமா?

நிறுத்தவே கூடாது. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் உன் அட்ரினல் சுரப்பியால், கார்ட்டிசால் என்ற ஹார்மோனைப் போதுமான அளவு தயாரிக்க முடியவில்லை. மாத்திரை அதைத்தான் ஈடுகட்டுகிறது. அளவு அதிகமானால் எடை கூடலாம், உண்மைதான். அப்படியென்றால் அளவைத்தான் டாக்டர் சரிசெய்ய வேண்டும். திடீரென்று விட்டால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

காய்ச்சல் வந்தால் வழக்கமான அளவு போதாது. பொதுவாக இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆக்கச் சொல்வார்கள். உனக்கு எவ்வளவு என்பதை டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்கி, ஒரு பிரதியை ஸ்கூல் பையில் வை. வாந்தியெடுத்து மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் ஊசிதான் வழி. விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போ.

வயது 19, எம்.ஆர்.கே.எச். என்ற பிறவி நிலை. அதாவது கருப்பையும் யோனியும் முழுதாக வளரவில்லை. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டுமா? குழந்தை பிறக்குமா?

அவசரமே இல்லை. யோனியை மெல்ல மெல்ல நீட்டிக்கும் டைலேட்டர் பயிற்சிதான் முதல் தேர்வு. பெரும்பாலானவர்களுக்கு அதுவே பலன் தருகிறது. எப்போது தொடங்குவது, தொடங்குவதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். சிலருக்கு ஒரு சிறுநீரகம் மட்டுமே இருக்கும், அதையும் ஸ்கேனில் பார்த்துவிடுங்கள்.

உங்கள் சினைப்பைகள் வேலை செய்கின்றன. ஆகவே உங்கள் கருமுட்டையிலிருந்தே வாடகைத்தாய் மூலம் குழந்தை பெறலாம்; சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். 2014-இல் ஸ்வீடனில், மாற்றிப் பொருத்திய கருப்பையில் உலகிலேயே முதன்முறையாக ஒரு குழந்தை பிறந்தது. அந்தத் தாய்க்கும் எம்.ஆர்.கே.எச். தான்.

பரிசோதனையின்போது மாணவர்கள் சுற்றி நிற்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லலாமா?

தாராளமாக. போட்டோ எடுப்பதற்கும் மறுக்கலாம். மறுத்தால் சிகிச்சை குறையக் கூடாது.

மகளுக்கு 9 வயது, கருப்பை இல்லை. வளர்ந்து பெரியவளான பிறகு அவளிடம் சொன்னால் போதாதா?

போதாது. 2006-இல் வெளியான சர்வதேச நிபுணர் குழுவின் ஒருமித்த அறிக்கையும், குழந்தையிடம் வெளிப்படையாகப் பேசுவதையே வலியுறுத்தியது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. 'நிறையப் பெண்களுக்கு வயிற்றில் கருப்பை இருக்கும், உனக்கு இல்லை. அதனால் பீரியட்ஸ் வராது. இது யாருடைய தப்பும் இல்லை' என்பது இந்த வயதுக்குப் போதும். குரோமோசோம் பேச்சு அப்புறம் வரட்டும். நீங்கள் மறைத்தாலும், கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதைக் குழந்தை கவனிக்கத்தான் செய்கிறது. தன்னிடம் ஏதோ வெட்கப்படும்படி இருக்கிறது என்று அதுவே முடிவுகட்டிக்கொள்ளும்.

நெருங்கிய தோழியிடம் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. வேறொரு சின்ன ரகசியத்தை அவள் காப்பாற்றினாளா என்று பார். முதலில் 'எனக்குக் கருப்பை இல்லை' என்பதுபோல ஒரு விஷயத்தோடு நிறுத்திக்கொள். மீதியை எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம்.