ஐஸ் ஹாக்கிக்குப் பேர்போன செக் நாட்டில் கர்லிங் (பனித்தரையில் கனமான கல்லை வழுக்கவிட்டு, எதிர்முனை வட்டத்தின் நடுவே நிறுத்தும் ஆட்டம்) ஆடும் பெண்களின் விளையாட்டு வாழ்க்கை எப்படி இருக்கும்? யாரையாவது தொடர்ந்து கவனித்திருக்கிறீர்களா?

இரண்டு பேரைக் கவனித்திருக்கிறேன். ஜுஸானா பவுலோவா ஒருவர், அன்னா குபேஷ்கோவா இன்னொருவர். ஒலிம்பிக் வரை போனவர் பவுலோவா என்பதால் எல்லோரும் அவரைத்தான் சொல்வார்கள். ஆனால் குபேஷ்கோவாவை விட்டுவிட்டால் இந்தக் கதையில் பாதி போய்விடும்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. பவுலோவா திருமணத்துக்கு முன் ஜுஸானா ஹாய்கோவா. கணவர் தோமாஷ் பவுல். செக் மொழியில் பெண்ணின் குடும்பப் பெயரோடு 'ஓவா' சேருவது வழக்கம். ஸ்கோர் பலகையில் பவுலோவா, பவுல் என்று வந்தால் இரண்டும் ஒரே பெயர்தான். பழைய முடிவுகளைத் தேடினால் ஹாய்கோவா என்றுதான் இருக்கும். வேறு யாரோ என்று நான் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்!

குபேஷ்கோவா ஆடியது நால்வர் அணியில். அதில் அவர் ஸ்கிப், அதாவது அணித்தலைவர். வட்டத்தின் பக்கம் நின்று எந்தக் கல் எங்கே வர வேண்டும் என்று சொல்பவர். 2017 டிசம்பரில், பியோங்சாங் ஒலிம்பிக்குக்கான கடைசித் தகுதிப் போட்டி அவர்கள் நாட்டிலேயே, பில்சன் நகரில் நடந்தது. பில்ஸ்னர் பீர் பிறந்த அதே ஊர். பெண்கள் பிரிவில் 7 அணிகள், ஒலிம்பிக் இடங்கள் 2. சீனாவும் டென்மார்க்கும் அவற்றை எடுத்துக்கொண்டன. சொந்த மண்ணில், சொந்த சனங்கள் பார்த்திருக்க, கதவு மூடிவிட்டது. மூன்று மாதம் கழித்து, 2018 மார்ச்சில், கனடாவின் நார்த் பே நகரில் உலகப் போட்டி. குபேஷ்கோவா அங்கே அணியோடு போய் நின்றார். பதக்கத்தைவிட இந்த மார்ச் மாதப் பயணம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஒலிம்பிக் போன வீராங்கனைகள் எதிரே நிற்கும்போது, போகாத நீங்கள் அதே 20 கிலோ கல்லைத் தள்ள வேண்டும்.

நால்வர் அணிக்கு ஒரே தரத்தில் நான்கு பேர் வேண்டும். பல வருடம் சேர்ந்திருக்கவும் வேண்டும். ஒருவருக்கு வேலை மாறினாலோ குழந்தை பிறந்தாலோ கணக்கு முழுவதும் மாறிவிடும். சின்ன நாட்டில் இது பெரும்பாடு. அதனால்தான் இருவர் ஆடும் கலப்பு இரட்டையர் பிரிவு இவர்களுக்குப் பின்வாசல் போல அமைந்தது. கர்லிங்கில் பெயரே அடிபடாத ஹங்கேரி 2013-லும் 2015-லும் இந்தப் பிரிவில் உலகப் பட்டம் வென்றிருக்கிறது. ஒரு ஆண், ஒரு பெண் போதும். 2018-இல் இது ஒலிம்பிக்கிலும் நுழைந்தது.

ஆட்டமும் வேறு மாதிரி. நால்வர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு எண்டுக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, 8 கல், மொத்தம் 10 எண்ட். இதில் 5 கல், 8 எண்ட். ஒவ்வோர் அணிக்கும் ஒரு கல் முன்கூட்டியே பனியில் வைக்கப்பட்டிருக்கும். ஒருவர் முதல் கல்லையும் கடைசிக் கல்லையும் விடுவார், நடுவில் உள்ள மூன்றும் மற்றவருக்கு. கல்லை விட்டவரே எழுந்து ஓடி, அதற்கு முன்னால் துடைப்பத்தால் பனியைத் துடைக்கவும் செய்யலாம். பவர் ப்ளேகூட உண்டு! ஆட்டத்துக்கு ஒரு முறை, அந்த வைத்த கற்களை ஓரத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். நடு வழி திறந்துவிடும், ஒரே எண்டில் நாலைந்து புள்ளி அள்ளும் வாய்ப்பு கிடைக்கும். எப்போது எடுப்பது என்பதில்தான் பாதி ஆட்டம்.

பவுலோவாவும் பவுலும் ஒலிம்பிக் இடத்தைப் பிடித்தது 2021 மே மாதம், ஸ்காட்லாந்தின் அபர்டீனில் நடந்த உலகப் போட்டியில். அதற்கு முந்தைய ஆண்டின் உலகப் போட்டி கொரோனாவால் ரத்தாகியிருந்தது. ஆக நேரடித் தகுதிக்கு இந்த ஒரு வாரம்தான் பரீட்சை. தேறினார்கள். செக் நாட்டிலிருந்து கர்லிங்குக்காக ஒலிம்பிக் போன முதல் அணி இதுதான்.

2022 பிப்ரவரி 2, பெய்ஜிங். தொடக்க விழாவுக்கே இன்னும் இரண்டு நாள் இருந்தது. 2008-இல் நீச்சல் நடந்த அரங்கில் பனி போட்டிருந்தார்கள். நமக்கு மாலை ஐந்தரை மணி. போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற அம்மா, "என்னடா இது, தரையைக் கூட்டுறதுக்கெல்லாமா ஒலிம்பிக் வைக்கிறாங்க?" என்றார். துடைத்தால் பனி லேசாகச் சூடாகி, கல் இன்னும் கொஞ்சம் தூரம், கொஞ்சம் நேராகப் போகும் என்று விளக்கினேன். "அப்ப நம்ம வீட்டையும் கொஞ்சம் தொடச்சு விடு" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

எதிரே நார்வேயின் கிறிஸ்டின் ஸ்காஸ்லியன், மாக்னஸ் நெட்ரெகோட்டன். அவர்களும் கணவன் மனைவிதான். 2018-இல் வெண்கலம் வாங்கியவர்கள். முதன்முறை ஒலிம்பிக் வந்த செக் ஜோடி 7-6 என்று ஜெயித்தது. அந்த நார்வே ஜோடி கடைசியில் வெள்ளியோடு ஊர் திரும்பியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஒரு புள்ளியின் எடை தெரியும். செக் ஜோடி 9 ஆட்டங்களில் 4 வென்று, 10 அணிகளில் 6-ஆவது இடம். அரையிறுதி இல்லை, பதக்கம் இல்லை. செய்தித்தாளில் ஒரு வரிகூட வராத இடம் இது. என்னைக் கேட்டால், முதல் முறை வந்தவர்களுக்கு நல்ல மதிப்பெண்.

2026-இல் மிலான்-கோர்ட்டினா ஒலிம்பிக்கின் கலப்பு இரட்டையரில் செக் சார்பில் ஆடியவர்கள் வேறு ஜோடி: யூலியே ஜெலிங்ரோவாவும் வீட் ஹபிச்சோவ்ஸ்கியும். அந்த நாட்டின் ஆண்கள் நால்வர் அணியும் தகுதி பெற்றிருந்தது. பெண்கள் நால்வர் அணி இந்த முறையும் அங்கே இல்லை. குபேஷ்கோவாவுக்குப் பில்சனில் மூடிய கதவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்ப்பதாக இருந்தால் சத்தத்தை அணைக்காதீர்கள். ஆடுபவர்கள் சட்டையில் மைக் இருக்கும். கல் நகரும் அந்தச் சில நொடிகளுக்குள் ஒருவர் கத்துவார், மற்றவர் பதில் கத்துவார். செக் மொழியில் ஒரு வார்த்தை தெரியாமலே, எந்தக் கல் குறி தப்பிவிட்டது என்று அந்தக் குரலை வைத்தே எனக்கு இப்போது தெரிந்துவிடுகிறது.