பூவுக்கு மேகம், மலைக்குச் சாய்வெயில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. போன மே மாதம் உத்தராகண்டில் முன்சியாரி போயிருந்தேன். காலை ஐந்து மணிக்கே எழுந்து பஞ்சசூலி மலையைப் படம் எடுத்தேன். பனியெல்லாம் அழுக்கு வேட்டி மாதிரி சாம்பல் நிறத்தில் வந்திருக்கிறது. வழியில் எடுத்த பூக்களோ வெறும் வண்ணத் திட்டுகள். வரும் ஆகஸ்டில் மலர்ப் பள்ளத்தாக்குக்குப் போகிறோம். என்னிடம் ஒரு கைப்பேசி, மகன் விட்டுவிட்டுப் போன பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ் இருக்கின்றன. கிட்டத்தில் எடுக்கும் மேக்ரோ லென்ஸும் தூரத்தை இழுக்கும் 70-300 லென்ஸும் இல்லாமல் போவதே வீண் என்கிறார் உடன் வரும் தோழி. வாங்கத்தான் வேண்டுமா? முட்டி வலி உண்டு, மண்டி போட முடியாது. அங்குள்ள மனிதர்களையும் படம் எடுக்க ஆசை.

பதில்: முதலில் காசு விஷயம். இரண்டு லென்ஸும் வேண்டாம். ஆகஸ்டில் 70-300 பெரும்பாலும் பைக்குள் தூங்கும். மலை தெரிந்தால்தானே அதற்கு வேலை? மேக்ரோ லென்ஸ் நல்ல பொருள்தான், ஆனால் உங்கள் பூக்கள் திட்டாக வந்ததற்கு லென்ஸ் காரணமில்லை. உங்கள் இரண்டு குறைகளிலும் பெரும்பங்கு வெளிச்சத்துடையது. மலைக்கு நம்மைப் பார்க்கும் முகத்தில் சாய்ந்து விழும் வெயில் வேண்டும். பூவுக்கு வெயிலே வேண்டாம். இதைப் பிடித்துக்கொண்டால் கையிலிருக்கும் கருவியே போதும்.

முன்சியாரியில் என்ன நடந்தது என்று பார்ப்போம். மலை என்றால் விடியற்காலையில்தான் எடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் பஞ்சசூலி முன்சியாரிக்குக் கிழக்கே இருக்கிறது. காலையில் சூரியன் அந்த ஐந்து சிகரங்களுக்கும் பின்னாலிருந்து ஏறுகிறது, உங்களுக்குத் தெரிந்தது அவற்றின் நிழல் பக்கம். நீங்கள் அதே இடத்தில் மாலையில் நின்றிருக்க வேண்டும். சூரியன் மேற்கே இறங்கும்போது பஞ்சசூலியின் முகம் முழுக்க முதலில் பொன்னாகும், அப்புறம் செம்பாகும், கடைசிச் சில நிமிடம் ரோஜா நிறத்தில் நிற்கும். ஐந்து மணிக்கு எழுந்த சிரமம் வீணாகிவிட்டதே என்று எனக்கும் வருத்தம்தான். இனி எந்த ஊருக்குப் போனாலும் அறைச் சாவி வாங்கும்போதே மலை எந்தத் திசையில் என்று கேட்டுவிடுங்கள். கிழக்கே என்றால் மாலை, மேற்கே என்றால் காலை. கௌசானி போல மலைத்தொடர் வடக்கே இருந்தால், குளிர்காலத்தில் இரண்டு வேளையும் நல்ல வெளிச்சம் கிடைக்கும்.

மே மாதமும் உங்களுக்கு எதிராக இருந்தது. கோடையில் சமவெளித் தூசியும் காட்டுத்தீப் புகையும் சேர்ந்து, முன்சியாரி இருக்கும் குமாவுன் மலைகளின் மேல் ஒரு பால்திரையை இழுத்துவிடும். மழை கழுவி முடித்த பிறகு, அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் அதே மலை கத்தியால் வெட்டியது போலத் தெரியும். மலைதான் உங்களுக்கு முக்கியம் என்றால் அந்த 70-300 லென்ஸை அந்தப் பயணத்துக்கு வாடகைக்கு எடுங்கள்.

சாம்பல் பனிக்கு இன்னொரு காரணம் கேமராவின் மூளை. எதைக் காட்டினாலும் அது நடுத்தர வெளிச்சமுள்ள பொருள் என்றே நினைத்துக்கொள்ளும். படம் முழுக்கப் பனி நிறைந்திருந்தால், இவ்வளவு வெளிச்சமா என்று பயந்து குறைத்துவிடும். அப்போது கூட்டல், கழித்தல் குறி போட்ட பட்டனை அழுத்தி +1 வரை ஏற்றுங்கள், வெயிலில் மின்னும் பனியென்றால் கொஞ்சம் கூடுதலாகவும் போகலாம். கைப்பேசியில் மலையின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஒரு சூரியக் குறி வரும், அதை மேலே தள்ளுங்கள். ஆனால் ஒன்று. கீழே பெரிய இருண்ட காடு, மேலே விரல் நுனி அளவுக்குச் சிகரம் என்றிருந்தால் கணக்கு தலைகீழ். கேமரா காட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், சிகரம் வெளுத்துப் போகும். அங்கே கழித்தல் பக்கம் போக வேண்டும். ‘பனி என்றால் எப்போதும் கூட்டு’ என்ற பாதி அறிவுரையை நம்பிப் படத்தைக் கெடுத்தவர்கள் நிறைய.

சரி, ஆகஸ்டுக்கு வருவோம். மலர்ப் பள்ளத்தாக்கு சமோலி மாவட்டத்தில் இருக்கிறது. 87.5 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஜூலை, ஆகஸ்டுதான் பூக்காலம், அதுவே மழைக்காலமும். மேகமாக இருக்கிறதே என்று அழாதீர்கள், டீச்சர். 1931-இல் காமெட் சிகரம் ஏறிவிட்டுத் திரும்பிய ஃபிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேய மலையேறியின் குழுவினர் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததே மோசமான வானிலையில்தான். மேகம் வானம் முழுக்கக் கட்டிய வெள்ளைத் துணி. அதன் வழியே வரும் வெளிச்சத்தில் கடும் நிழல் இருக்காது, இதழின் நரம்பு வரை தெரியும். உச்சி வெயிலில் எடுத்த பூவில் பாதி வெளுத்துப் பாதி கறுத்துத்தான் வரும், உங்கள் திட்டுகளில் பாதிக் குற்றம் இதுவே. நடுவில் வெயில் அடித்தால் குடையை விரித்துப் பூவின்மேல் நிழல் போடுங்கள். காற்றையும் அது கொஞ்சம் தடுக்கும்.

மீதிக் குற்றம் நின்ற வாக்கிலேயே குனிந்து எடுப்பது. மேலிருந்து பார்த்தால் பூவுக்குப் பின்னால் இலை, புல், மண் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே குழப்பம். பூவின் உயரத்துக்குக் கேமரா இறங்கினால் பின்னணி பத்தடி தள்ளிப் போய்விடும், பூ தனியே நிற்கும். முட்டி வலிக்கு இரண்டு வழி உண்டு. பள்ளத்தாக்கில் பாதை சரிவின் குறுக்கே போகும் இடங்களில் மலைப்பக்கத்துப் பூக்கள் உங்கள் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நேரே இருக்கும். அவற்றை மட்டும் எடுங்கள், பள்ளத்துப் பக்கத்தை மறந்துவிடுங்கள். இரண்டாவது, கைப்பேசியைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் கீழே வந்துவிடும், கையை நீட்டினாலே தரைமட்டப் படம் கிடைக்கும். அதன் மேக்ரோ வசதியை நான் அதிகம் நம்புவதில்லை. பூவை முட்டுகிற அளவுக்குக் கிட்டே போகச் சொல்லும், கைப்பேசியின் நிழலே பூவில் விழும். கொஞ்சம் தள்ளி நின்று 2 அல்லது 3 மடங்கு பெரிதாக்கி எடுப்பதே மேல்.

உங்கள் 18-55 லென்ஸை ஏழை என்று நினைக்காதீர்கள். இந்த வகை லென்ஸ்களில் பெரும்பாலானவை, முழுக்கப் பெரிதாக்கிக் காட்டும் 55-இல் வைத்தால் கால் மீட்டர் கிட்டம் வரை ஃபோகஸ் ஆகும். அந்தத் தூரம் கேமராவின் உள்ளிருந்து கணக்கிடப்படுவது, எனவே லென்ஸ் முனைக்கும் பூவுக்கும் இடையே ஒரு சாண்கூட இருக்காது. ஏறக்குறைய ஆறேழு சென்டிமீட்டர் அகலமுள்ள பொருள் படத்தை நிரப்பிவிடும். அங்கே பூக்கும் நீலப் பாப்பி விரிந்தால், பூ ஒன்று ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கும். அதைவிடச் சின்னப் பூ வேண்டுமென்றால் லென்ஸின் முன் திருகும் கிளோஸ்-அப் கண்ணாடி மலிவாகக் கிடைக்கும், லென்ஸ் விளிம்பில் போட்டிருக்கும் விட்டத்தைச் சொல்லி வாங்குங்கள். லென்ஸின் திறப்பு (அபெர்ச்சர்) எஃப் 8, ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறையாமல், ஒளியுணர்வு (ஐஎஸ்ஓ) 400 முதல் 800. பகல் ஏற ஏறப் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பும், பூ ஆட ஆரம்பித்தால் எந்த லென்ஸும் உதவாது. அதனால் நீங்கள் தங்கப்போகும் அடிவார ஊரான காங்கரியாவில் டீ குடித்த கையோடு கிளம்பி, காலை ஏழு மணி வாக்கில் வாயில் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். அங்கே இரவு தங்க அனுமதி இல்லை, மாலை ஐந்துக்குள் திரும்பிவிட வேண்டும். பள்ளத்தாக்குக்குள் கோவேறு கழுதைக்கு அனுமதி இல்லை, காங்கரியா வரைதான். அதற்குமேல் உங்கள் கால்தான், அல்லது கண்டி என்னும் கூடையில் சுமந்து செல்லும் ஆட்கள்.

நீலப் பாப்பி பாறை இடுக்குகளில், முள் முள்ளான தண்டோடு தனியாக நிற்கும். அதன் நீலம் கேமராவை ஏமாற்றும். நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் தானியங்கி வெள்ளைச் சமன் (ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்) அந்த நீலத்தைக் குறை என்று நினைத்துத் திருத்தப் பார்க்கும். அதை அணைத்துவிட்டு வெயில் குறிக்கு மாற்றி, வெளிச்சத்தையும் ஒரு படி குறைத்து எடுங்கள். பிரம்ம கமலத்துக்கு ஹேம்குண்ட் சாகிப் என்ற சீக்கிய குருத்வாரா வரை ஏற வேண்டும், நாலாயிரம் மீட்டருக்கு மேல். செங்குத்தான வழி, முட்டியைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இதழ் என்று நாம் நினைக்கும் அந்த வெளிர்மஞ்சள் உறை உண்மையில் பூவடிச் செதில்கள்தான், ஊதா நிறப் பூக்கள் உள்ளே குவிந்திருக்கும். செதில்கள் மெல்லிய காகிதம் மாதிரி இருப்பதால், இது ஒன்றை மட்டும் வெளிச்சம் பின்னாலிருந்து வரும்படி வைத்து எடுத்துப் பாருங்கள், விளக்கேற்றியது போல இருக்கும். பூவுக்கு வெயில் வேண்டாம் என்று மேலே சொன்னேன், இதற்கு மட்டும் விலக்கு.

பூக்காடும் பின்னால் மலையும் சேர்ந்து கூர்மையாக வேண்டும் என்றால் லென்ஸை அகலமாகக் காட்டும் 18-இல் வைத்து, எஃப் 11 போட்டு, ஒன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் ஒரு பூவில் ஃபோகஸ் செய்யுங்கள். முக்கால் மீட்டரிலிருந்து தூரத்து மலை வரை தெளிவாக வரும். மலை மேகத்துக்குள் போய்விட்டால் காத்திருக்காதீர்கள், புஷ்பாவதி ஆற்றையோ மூடுபனியையோ பின்னணியாக வையுங்கள். உயரமாக, வெள்ளைப் பூங்கொத்தோடு ஒரு செடி கூட்டம் கூட்டமாக நிற்கும். பாலிகோனம் என்ற அந்தச் செடி மற்ற பூக்களை நெருக்குகிறது என்று வனத்துறை ஆள்விட்டுப் பிடுங்குகிறது. படத்தில் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் எதையும் பிடுங்க வேண்டாம், பாதையை விட்டு இறங்கவும் வேண்டாம். 1939-இல் இங்கே செடி சேகரிக்க வந்த ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண்மணி பாறையில் வழுக்கி விழுந்து இறந்தார். அவருடைய கல்லறை பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. நடக்கும்போது கேமராவைக் கண்ணில் வைக்காதீர்கள்.

நானும் ஒருமுறை காங்கரியாவுக்குப் புல்னா என்ற ஊரிலிருந்து ஏறும் வழியில் ஒரு காட்டுப் பூவுக்காக அவசரமாக மண்டி போட்டு, பிச்சு காஸ் என்று அங்கே சொல்லும் செந்தட்டியில் முட்டியைப் பதித்துவிட்டேன். நல்ல படம் ஒன்றுகூட இல்லை, எரிச்சல் மட்டும் ராத்திரி வரை. உங்கள் முட்டி வலி உங்களை அதிலிருந்து காப்பாற்றும்.

மழைக்குப் பெரிய உறை வேண்டாம். தலைமுடி நனையாமல் குளிக்கப் போடும் பிளாஸ்டிக் தொப்பி கேமராவுக்குக் கச்சிதமாகப் பொருந்தும், நாலு வாங்கிக்கொள்ளுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்றுப் பேட்டரியைச் சட்டை உட்பையில் உடம்புச் சூட்டோடு வையுங்கள். வெளியிலிருந்து சூடான அறைக்குள் நுழையும்முன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள். அரைமணி கழித்துத் திறந்தால் நீர் பையின்மேல் படிந்திருக்கும், லென்ஸில் இருக்காது. ட்ரோன் தேசியப் பூங்காவில் கூடாது, தோழி அதைப் பற்றிப் பேச்செடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மனிதர்களைப் படம் எடுப்பதில் லென்ஸுக்கு வேலை குறைவு. டீக்கடையில் முதலில் டீ குடியுங்கள், கேமரா மடியில் இருக்கட்டும். பால் பொங்கும் ஆவியும் வாசல் வழியே பக்கவாட்டில் வரும் வெளிச்சமும் கண்ணில் பட்டதும், “ஃபோட்டோ லே லூ?” (படம் எடுக்கட்டுமா?) என்று இந்தியில் கேளுங்கள், தலையசைத்தால் எடுங்கள். லென்ஸை 35 பக்கம் வைத்து, முகத்தோடு அடுப்பும் கையும் வரும்படி. புல்கட்டு சுமந்து வரும் பெண்களை நிறுத்தாதீர்கள், அது பாரம். கோவேறு கழுதைகளின் மணிச்சத்தம் கேட்டதும் பாதையின் மலைப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும். குருத்வாராவில் தலையை மூடிக்கொள்ளுங்கள், சமையலறையில் எடுக்கும்முன் கேளுங்கள். ராணுவ முகாம் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம்.

மலையும் பார்த்தாக வேண்டும் என்றால் திரும்பும்போது ஔலி என்ற மலையூரில் ஒரு நாள் தங்குங்கள். மேகம் விலகினால் 7,816 மீட்டர் நந்தாதேவி தெரியும். அதுவும் அங்கிருந்து கிழக்குப் பக்கம்தான், ஆகவே மாலையில் நில்லுங்கள். மழையில் சாலை சரிவது வழக்கம், கையில் இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொண்டு ரயில் டிக்கெட் போடுங்கள்.

கிளம்பும்முன் ஒரு வாரம் வீட்டிலேயே பழகலாம். தொட்டிச் செம்பருத்தியை மேகமான நாளில், பூவின் உயரத்திலிருந்து எடுங்கள். பனிமலைக்குக் கொடியில் காயும் வெள்ளை வேட்டி போதும். படம் முழுக்க வேட்டி நிறையும்படி நின்று, எதையும் மாற்றாமல் ஒன்று, +1 வைத்து ஒன்று, +2 வைத்து ஒன்று. முதலாவது முன்சியாரிப் பனி மாதிரி சாம்பலாக இருக்கும். மூன்றாவதில் மடிப்புகள் வெளுத்து மறைந்திருந்தால், உங்கள் அளவு அந்த இரண்டுக்கும் நடுவில்.