பாக்டீரியா பவுடர் வாங்கும் முன் கசடைக் கவனியுங்கள்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 90 வீடுகள் உள்ளன. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஓடத் தொடங்கி இரண்டு மாதமாகிறது. மின்கட்டணத்துக்குப் பயந்து, தொட்டிக்குள் காற்றைச் செலுத்தும் புளோயரை இரவில் நிறுத்திவிடுகிறோம். தொட்டியில் சேரும் கசடை வாரந்தோறும் லாரியில் அனுப்பிவிடுகிறோம். ஆனாலும் வெளிவரும் நீர் கலங்கலாக, நாற்றத்துடன்தான் இருக்கிறது. மாதாமாதம் பாக்டீரியா பவுடர் போட்டால் சரியாகும் என்கிறார் ஒப்பந்தக்காரர். வாங்கலாமா?
— குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒருவர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். புளோயரைப் பற்றியும் லாரியைப் பற்றியும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான் இருக்கிறது. நீங்கள் வாரந்தோறும் பணம் கொடுத்து வெளியேற்றுவது குப்பையை அல்ல. உங்கள் நிலையத்தின் உயிரை. கழிவைத் தின்று நீரைத் தெளியவைக்கும் பாக்டீரியா அந்தக் கசடில்தான் இருக்கிறது.

இது இங்கிலாந்தின் மான்செஸ்டரில் நூறாண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்த விஷயம். அந்நகரின் கழிவுநீர்ப் பணிகளுக்கு ஆலோசகராக இருந்த கில்பர்ட் ஃபவுலர், 1912-ல் அமெரிக்கா சென்றபோது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் ஆய்வு நிலையத்தில் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் சோதனைகளைக் கண்டார். (இவர் பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகவும் பணியாற்றினார்.) அவர் ஊக்குவித்ததால், டேவிஹியூம் கழிவுநீர் நிலையத்தில் எட்வர்ட் ஆர்டெர்னும் வில்லியம் லாக்கெட்டும் அதே சோதனையில் இறங்கினார்கள். இரண்டு லிட்டருக்குச் சற்று அதிகமாகக் கொள்ளும் புட்டி. பாசி பிடிக்காமலிருக்க வெளிச்சத்தை மறைத்துப் பழுப்புக் காகிதம். உள்ளே கழிவுநீர், இடைவிடாத காற்று. அதிலிருந்த அமோனியா முழுவதும் நைட்ரேட்டாக மாற, அதாவது கழிவுநீர் முழுதாகச் சுத்தமாக, ஏறத்தாழ ஐந்து வாரம் பிடித்தது. ஒரு நகரத்தின் கழிவுநீரை ஐந்து வாரம் எங்கே தேக்கிவைப்பது?

அடுத்து அவர்கள் செய்ததுதான் உங்களுக்கான பதில். தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் படிந்த கசடைப் புட்டியிலேயே விட்டுவைத்து, அதன்மேல் புதிய கழிவுநீரை ஊற்றினார்கள். தயிருக்கு உறைமோரை எடுத்துவைப்பது போலத்தான். ஒவ்வொரு முறையும் கசடு பெருகியது, தெளிவதற்கான நேரம் குறைந்தது. கடைசியில் ஒரே நாளுக்குள் வேலை முடிந்தது. புட்டியின் கொள்ளளவில் கால் பங்கு கசடாக இருந்தபோது சில மணி நேரமே போதுமானதாயிற்று. 1914 ஏப்ரல் 3-ஆம் தேதி மான்செஸ்டரில் இதைக் கட்டுரையாக வாசித்தார்கள். உங்கள் வளாகத்தில் ஓடுவதும் பெரும்பாலும் இந்த முறைதான். லாரி வரும் ஒவ்வொரு வாரமும் அவர்களுடைய முதல் புட்டிக்கே திரும்பிப் போகிறீர்கள்.

பவுடரில் பாக்டீரியா இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் 90 வீட்டுக் கழிவுநீர் ஒவ்வொரு நொடியும் கொண்டுவருவதை விடவா? வருகிறவை தங்கிப் பெருக நீங்கள் இடம் கொடுக்கவில்லை. பவுடரில் வருபவையும் அடுத்த வாரம் அதே லாரியில்தான் ஏறும்.

லாரியை நிறுத்துங்கள். படியவைக்கும் தொட்டியிலிருந்து காற்றூட்டும் தொட்டிக்குக் கசடைத் திருப்பி அனுப்பும் பம்பு ஓடுகிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். நிலையம் தேறுவதும் தேறாததும் இந்தப் பம்பைப் பொறுத்தது. அருகில் வீட்டுக் கழிவுநீரை நன்றாகச் சுத்திகரிக்கும் நிலையம் ஏதேனும் இருந்தால், அங்கே உபரியாகும் உயிர்க்கசடை ஒரு டேங்கர் கேட்டு வாங்கிக் காற்றூட்டும் தொட்டியில் விடுங்கள். பவுடரை விட இது பல மடங்கு மேல்.

புளோயர் இரவிலும் ஓடட்டும். மணிக்கணக்கில் காற்று இல்லாவிட்டால் கசடு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதன் நிறம் சாக்லேட் பழுப்பாகவும் வாசனை மழை நனைத்த மண்ணைப் போலவும் இருக்க வேண்டும். நிலையம் தேறிய பிறகு டைமர் வைத்துச் சிறு இடைவெளிகள் விடலாம்.

இன்னொன்றையும் விசாரியுங்கள்: கழிப்பறைகளில் ஆசிட், பிளீச்சிங் பவுடர் தாராளமாகப் புழங்குகிறதா? கசடில் உள்ள உயிருக்கு அவை நஞ்சு. 1877-ல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய் வழியே கழிவுநீரை மெல்ல வடியவிட்டார்கள். சுமார் 20 நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அமோனியா மறைந்து நைட்ரேட் வந்தது. குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் எல்லாம் நின்றுபோனது. மண்ணைக் கரைத்த நீரை ஊற்றிய பின்புதான் வேலை மீண்டும் தொடங்கியது. நைட்ரேட்டை உண்டாக்குவது உயிருள்ள ஒன்று என்பதற்கு அதுவே சான்றாயிற்று. அந்த உயிரினங்கள் மெதுவாகப் பெருகுபவை, நஞ்சுக்குச் சட்டென மடிபவை. அதனால் நீர் தெளிந்த பிறகும் அமோனியா குறையச் சில வாரங்கள் கூடுதலாகும், பதற வேண்டாம்.

தினமும் ஒரே நேரத்தில், காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் நீரை அளவுகோடுள்ள கண்ணாடி உருளையில் எடுத்து, 30 நிமிடம் அசையாமல் வையுங்கள். எத்தனை மில்லி வரை கசடு படிகிறது என்று ஆபரேட்டரைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். 250 முதல் 350 மில்லி வரை வந்தால் நல்லது. அதைத் தாண்டும்போது மட்டும், அதுவும் சிறிது சிறிதாக, கசடை வெளியேற்றுங்கள். நான்கு வாரம் கழித்தும் 100 மில்லியைத் தொடவில்லையென்றால் அந்தக் குறிப்பேட்டின் நகலோடு மீண்டும் எழுதுங்கள். படியவைக்கும் தொட்டியிலிருந்து கசடு வழிந்து போகிறதா என்று அடுத்துப் பார்க்கலாம்.